மேடைக்கு வந்தவர்கள்

தங்கமுத்துவால் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் அவனுக்கு இந்தி தெரிந்திருந்ததுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்குப் போனவர்கள் எல்லோருக்கும் ஓரளவு இந்தி தெரியும். சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் காடு காடாகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் டீசலையும் உப்பையும் அந்த ஊர்ப் பேச்சில்தான் கேட்டு வாங்க வேண்டும். சண்டையும் அதிலேயேதான் போட வேண்டும். பதினான்கு வருடத்தில் அப்படிச் சேர்ந்த மொழி, ஊரில் இருக்கும் மாதங்களில் அவனுக்கு எதற்கும் பயன்பட்டதில்லை. கால் நசுங்கிய பிறகு பயன்பட்டது.

பிலாஸ்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு நெல்வயலில் ராடு மாற்றும்போது கொக்கி நழுவி, இரும்பு ராடு அவனது இடது பாதத்தின் மேல் இறங்கியது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாதம் மடங்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, லாரி மேல் ஏற முடியாது. வண்டி முதலாளி கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கே வந்து, "சமையலுக்கு வந்துரு தங்கமுத்து. உக்காந்துட்டே காய் அரியலாமல்ல," என்றார்.

ரிக் வண்டியில் சமையல்காரன் எல்லோருக்கும் முன்னால் எழ வேண்டும், எல்லோருக்கும் பின்னால் சாப்பிட வேண்டும். தண்ணீர் வராத நாளில், கிணறு தோற்ற கோபத்தையெல்லாம் குழம்பின் மேல்தான் காட்டுவார்கள். தங்கமுத்துவே அப்படிக் காட்டியிருக்கிறான். ஒருமுறை உப்பு கூடிய சாம்பாரைச் சட்டியோடு தூக்கி வயலில் ஊற்றியிருக்கிறான். ஆகவே அந்த வேலை எப்படிப்பட்டது என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கிடைக்க வேண்டும், அதுவும் தீபாவளி முடிந்து வண்டி புறப்படுவதற்குள் கிடைக்க வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் மனைவி சித்ரா பக்கத்துத் தறிப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் படுத்து, செல்போனில் இந்தி வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்ராவின் சின்ன அண்ணன் முருகானந்தம் பள்ளிபாளையத்தில் தறி வைத்திருப்பவர். அவர் மகள் இலக்கியாவுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருந்தது. கல்லூரி முழுவதும் அதிலேயே படித்தாள். பெங்களூரில் வேலை கிடைத்து, கம்பெனி புதிதாக ஒன்றைக் கொடுத்ததும், பழையதைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அந்தச் சின்ன ஸ்கிரீனைப் பாத்துப் பாத்துக் கண்ணும் போயிரப் போகுது. இதை வெச்சுக்கங்க."

தங்கமுத்துவின் செல்போனில் கிணறு போட்ட காட்சிகள் நிறைய இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டான். விண்டோஸ் வைரஸ் பிடித்துத் திறக்காமல் கிடந்தது. அதனால் அவள் அதே கணினியில் கூடவே இருந்த லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் நுழைந்து, வீடியோவை வெட்டி ஒட்டும் கேடன்லைவ் என்ற மென்பொருளை இறக்கிப் போட்டுக் கொடுத்தாள்.

"இதுக்குக் காசு கட்ட வேண்டாம் மாமா. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். உள்ள எப்படிச் செஞ்சிருக்காங்கன்னும் பாக்கலாம். தெரிஞ்சவங்க மாத்திக்கூட வெச்சுக்கலாம்."

"அப்ப அதைச் செஞ்சவனுக்கு என்ன மிச்சம்?"

"அது எனக்கும் தெரியல மாமா."

அடுப்படியிலிருந்து சித்ரா சொன்னாள்: "சும்மா குடுக்கறாங்கன்னா எங்கியோ ஒரு ஓட்டை இருக்கும் கண்ணு. பாத்துப் போடு."

ஓட்டை மென்பொருளில் இருக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அது சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை. மனிதர்களிடம் பழகியவர்களுக்கு இது பழக நாளாகும்.

இந்தூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் இந்தியில் பாடம் நடத்தினான். படத்துண்டுகளை எப்படி உள்ளே கொண்டுவருவது, கீழே நீளவாக்கில் ஓடும் டைம்லைனில் எப்படி அடுக்குவது, கத்தரிக்கோல் படம் போட்ட கருவியால் எங்கே வெட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பழைய கணினி பெரிய படங்களை இழுக்கத் திணறும்போது, எடை குறைந்த நகல்களை உண்டாக்கி அவற்றில் வேலை பார்க்கும் வழியையும் சொன்னான். தங்கமுத்து பகல் முழுவதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுற்றியிருந்த பட்டறைகளின் தறிச்சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்டான். கணினி சூடானால் நிறுத்துவான். கரண்ட் போனால் படுப்பான். வந்ததும் மறுபடி எழுந்து உட்காருவான்.

அவனுக்குத் திறமை இருந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கவனம் இருந்தது. ராடு எத்தனை இறங்கியது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவன். அந்தக் காது இங்கே உதவியது. படம் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுத்த காட்சியின் சத்தத்தை வரவிட்டால் பார்ப்பவன் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவான் என்பதை, பாடத்தில் அந்த இடம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான்.

பாடத்தில் அந்த இளைஞன் திரும்பத் திரும்பச் சொன்ன விதி ஒன்று உண்டு. கதையை நகர்த்தாத எதையும் வைத்துக்கொள்ளாதே. எடுத்தவனுக்கு அது எவ்வளவு பிரியமாக இருந்தாலும் சரி, வெட்டிவிடு.

தங்கமுத்து முதலில் செய்த படம் ஒரு கிணறு போடும் படம். ஒரு கிணற்றில் பகல் முழுவதும் மண்தூள்தான் வரும். தண்ணீர் வருவது கடைசியில், ஒரு நொடியில். அவன் மண்தூள் பறக்கும் நேரத்தையெல்லாம் வெட்டினான். ராடு இறங்கியது, தண்ணீர் பீறிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. தன் பதினான்கு வருடங்களில் பெரும்பகுதி அந்த மண்தூளுக்குள் கழிந்தது என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு மதியத்தில் அதை நீக்கினான். எதையும் இழந்ததாக உணரவில்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு முதலில் கிடைக்கும் இன்பம் இந்த இரக்கமின்மைதான் என்று நினைக்கிறேன்.

திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த சிவபிரகாஷிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். சிவபிரகாஷின் எடிட்டர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டிருந்தான். ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன.

"உங்க மச்சான் ஊட்டுக் கல்யாணத்தை நாந்தானுங்க எடுக்கறேன். அந்த வீடியோவை நீங்களே பண்ணிக் குடுங்க. நல்லா வந்துருச்சுன்னா ஒவ்வொரு முகூர்த்தமும் உங்களுக்குத்தான்," என்றார் சிவபிரகாஷ்.

கல்யாணம் இலக்கியாவுக்கு. தங்கமுத்து வீட்டுக்கு வந்து சித்ராவிடம், "இனி ரிக்குக்குப் போறதில்ல," என்றான். சித்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் சித்ராவின் பெரிய அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருணகிரி பூர்வீகக் காட்டிலேயே இருந்து மரவள்ளி வைப்பவர். தம்பி முருகானந்தம் தறி போடுவதற்காகத் தன் பங்கு நிலத்தை வெளியாளுக்கு விற்றார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கியவன் கிணற்றுக்குப் போகும் தடத்தில் வேலி போட்டான். அன்றோடு பேச்சு நின்றது. பத்து வருடத்துக்கு மேலாகிறது. சித்ரா இரண்டு வீட்டுக்கும் போய்வருவாள். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லமாட்டாள். அண்ணன்மார் இருவரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. ஆனால் அதை அவள் வேண்டுதலாகக்கூட வெளியே சொன்னதில்லை.

அருணகிரி கல்யாணத்துக்கு வந்தார். கூட்டம் ஓய்ந்த பிறகு வந்தார். மேடை வரிசை முடிந்து, போட்டோ எடுப்பவன் சாப்பிடப் போயிருந்தான். மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடியோ கேமரா மட்டும் மூன்று காலில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. அருணகிரி நேராக மேடை ஏறினார். இலக்கியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் திருநீறு வைத்தார். முருகானந்தத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எதிரே இருந்த கேமராவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவர் இறங்கிச் சாப்பிடப் போனார். சுற்றி நின்ற சிலரில் யாருக்கும் செல்போனை எடுக்கத் தோன்றவில்லை.

தங்கமுத்து அப்போது பந்திக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் திரும்பும்போது சித்ரா சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாங்க."

"ஆமா, சொன்னாங்க."

"நாந்தான் பெரியண்ணனுக்கு இலை போட்டேன். ரசம் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்புட்டாரு."

"நல்லதாப் போச்சு," என்றான். அவன் மனம் அதற்குள் நாதஸ்வரச் சத்தத்தை எந்த இடத்தில் தொடங்குவது என்பதில் இருந்தது.

சிவபிரகாஷ் படங்களையெல்லாம் கேமராக் கார்டுகளிலிருந்து நேராக அவன் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். தங்கமுத்து வேலையைத் தொடங்கினான். தாலி கட்டும் காட்சியில் கெட்டிமேளம் படத்துக்கு முன்னால் எழுந்தது. அரிசி தூவும் கைகளை மட்டும் எடுத்து அடுக்கினான். மணப்பெண் கண்ணைத் துடைப்பதையும் தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இவையெல்லாம் இரண்டு மணி நேர இடைவெளியில் நடந்தவை. ஆனால் சேர்த்து வைத்தால் உண்மை போலிருந்தது.

பிறகு மேடை வரிசை வந்தது. மணிக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு குடும்பமாக ஏறி, பரிசைக் கொடுத்து, நின்று, கேமராவைப் பார்த்து, இறங்கியது. ஒருவரும் எதையும் நகர்த்தவில்லை. இந்தூர் இளைஞனின் விதிப்படி இதில் கதையே இல்லை. சிரிக்கும் பெண்கள், மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பிடித்து இழுத்த ஒரு குழந்தை, கட்டிப்பிடித்துக்கொண்ட கல்லூரித் தோழிகள் இவற்றை மட்டும் எடுத்து ஒரு பாட்டின் நீளத்துக்குள் அடக்கினான்.

அருணகிரி நின்ற துண்டு கடைசியில் இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் வெட்டவில்லை. பார்த்தான். மேடை விளக்கில் பாதி அணைந்திருந்தது. இரண்டு பேரும் விறைத்து நின்றார்கள். நடுவில் நாற்காலி அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவன் குறுக்கே போனான். கெட்ட ஷாட் என்று நினைத்தான், ஒதுக்கினான். அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு மச்சான்மார் இல்லை. வெளிச்சம் குறைந்த ஒரு ஷாட். பார்க்கக் கற்றுக்கொள்வது என்று சொல்கிறோம். கற்றுக்கொள்ளும்போது எதைப் பார்க்காமல் விடப் பழகுகிறோம் என்று யாரும் பாடம் நடத்துவதில்லை.

தாலி கட்டும் பகுதியை மட்டும் சிவபிரகாஷிடம் காட்டினான். "அட, சினிமா கணக்கா இருக்குதுங்க!" என்று சொல்லி அவர் அங்கேயே அடுத்த கல்யாணத்தைக் கொடுத்தார். அதை ஏற்றக் கணினியில் இடமில்லை. இலக்கியாவின் கல்யாணப் படம் முழுதாக முடிந்து பென்டிரைவில் ஏறிவிட்டது. வேலை செய்த புராஜெக்ட் கோப்பும் பத்திரமாக இருந்தது. எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று நம்பி, கேமராவிலிருந்து வந்த அசல் துண்டுகளையும் அவற்றின் எடை குறைந்த நகல்களையும் அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். புதிய கல்யாணத்தை ஏற்றினான். சிவபிரகாஷின் கார்டுகள் அதற்குள் வேறு இரண்டு முகூர்த்தங்களைப் பார்த்துவிட்டிருந்தன. அசல் தங்கமுத்துவிடம் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளிபாளையத்தில் முருகானந்தம் வீட்டில் கறிச்சோறு போட்டு, டிவியில் பென்டிரைவைச் செருகினார்கள். பந்துக்கள் பாயிலும் நாற்காலியிலும் நிறைந்திருந்தார்கள். முருகானந்தமே போன் செய்து அழைத்ததால் அருணகிரியும் வந்திருந்தார். தம்பி கட்டிய வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்ரா எல்லோருக்கும் முன்னால் தரையில் இருந்தாள்.

படம் ஓடியது. தாலி கட்டும் இடத்தில் யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. அண்ணன்மாரின் அத்தை கந்தம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "தாலி கட்டறதை நானே நேர்ல பாத்தனே. மேடை எப்ப வரும்? ஆரு ஆரு வந்தாங்கன்னு பாக்கோணுமல்ல!"

"வருதுங்க அத்தை, இந்தா வருது," என்றான் தங்கமுத்து.

பாட்டு தொடங்கியது. பெண்கள் சிரித்தார்கள். குழந்தை தலைப்பாகையை இழுத்தது. பாட்டு முடிந்தது. திரையில் மண்டபத்து விளக்குகள் மங்கி, நன்றி என்று எழுத்து வந்தது.

"ஏன், கரண்டு போச்சா?" என்றாள் கந்தம்மாள்.

"இல்லீங்க, அவ்வளவுதானுங்க."

"எது அவ்வளவுதான்? என்ற மருமவ அந்த அரக்குப் பட்டைக் கட்டிட்டு வரிசைல கால்கடுக்க நின்னு மேல ஏறுனாளே, அவ எங்க?"

"போச்சு பாரு அத்தை, அந்தக் கொழந்தைக்குப் பின்னால அரக்கு ஓரம் ஒண்ணு! அதுதான் உன்ற மருமவ," என்றார் ஒருவர்.

"ஓரம் காட்டறதுக்கா அவ பாதி நாள் அந்தக் கடைல உக்காந்து எடுத்தா?"

"நாங்க ஊட்டோட ஏழு பேரு வந்தோம். படத்துல ஒரு கையி தெரியுது. அதும் என்ற கையா, எங்கூட்டுக்காரரு கையான்னு தெரியல."

"தங்கமுத்து மாப்ளைக்குச் சம்பளம் படத்தோட நீளத்துக்கு இல்ல போலிருக்குது."

சிரித்தார்கள். தங்கமுத்துவும் சிரிக்கப் பார்த்தான். இந்த ஊரில் கல்யாண வீடியோ எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். யார் வந்தார்கள் என்று பார்க்க. வந்தவர் வீட்டுக்கு நாமும் போக வேண்டும், வராதவரை நினைவில் வைக்க வேண்டும். இது அவனுக்கும் தெரிந்ததுதான். ரிக்கிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவனும் இப்படிப் பாயில் உட்கார்ந்து, மேடை எப்போது வரும் என்று கேட்டவன்தான்.

சிரிப்பு அடங்கியதும் அருணகிரி பேசினார்.

"ஒருக்கா திருப்பிப் போடுங்க மாப்ள. நான் சரியாப் பாக்கல போல."

திருப்பிப் போட வேண்டியிருந்தது. பாட்டு மறுபடி ஓடியது. இந்த முறை யாரும் திரையைப் பார்க்கவில்லை. நன்றி என்ற எழுத்து வந்ததும் அருணகிரி எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"சரி, நான் வாரேன்."

முருகானந்தம் எழுந்து ஓடிவந்தார். "அண்ணா, காப்பி கலக்கறாங்க, ஒரு வாய்..."

"நான் வரலைன்னு ஆயிப்போச்சு. வராதவனுக்கு எதுக்குடா காப்பி?"

தங்கமுத்து கால் இடற முன்னால் வந்தான். "மச்சான், வெட்டுனது நாந்தானுங்க. சின்ன மச்சானுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

அருணகிரி அவனைக் கோபமில்லாமல் பார்த்தார். "நீங்க என்னைய ஏனுங்க மாப்ள வெட்டோணும்? உங்களுக்கும் எனக்கும் என்ன இருக்குது?"

அவர் போட்ட கணக்கு இது. காரணம் இல்லாமல் ஒருவன் ஒரு காரியத்தைச் செய்திருக்க முடியாது. இவனுக்குக் காரணம் இல்லை என்றால், காரணம் உள்ளவன் சொல்லித்தான் இவன் செய்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் பிழை இல்லை என்பதுதான் கொடுமை.

"அசல் எங்கிட்ட இருக்குதுங்க. நாளைக்கே சேத்தித் தாரனுங்க," என்றான் தங்கமுத்து. அருணகிரி அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு முருகானந்தம் நடுவீட்டில் நின்று கத்தினார். "பத்து வருசமா ஆளு மேல ஆளு உட்டுக் கெஞ்சி, ஒருத்தரை உள்ள கொண்டாந்தேன். நீங்க ஒரே பாட்டுல வெளிய அனுப்பீட்டிங்களே மாப்ள!"

வீட்டுக்கு வந்ததும் தங்கமுத்து கணினியைத் திறந்தான். கேடன்லைவ் புராஜெக்டைத் திறக்கும் முன், காணாமல் போன கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டியது. என்ன செய்யட்டும் என்று பணிவாகக் கேட்டது. அவன் இலக்கியாவுக்குப் போன் செய்தான்.

"மாமா, புராஜெக்ட் ஃபைலுக்குள்ள படம் இருக்காது மாமா. எந்தத் துண்டை எங்க வெக்கணும், எங்க வெட்டணும்னு மட்டுந்தான் இருக்கும். படம் வெளியதான் இருக்கும்."

"அப்ப நான் இத்தனை நாளும் பத்திரமா வெச்சிருந்தது என்ன கண்ணு?"

"நீங்க எங்கெங்க வெட்டுனீங்கங்கறதை மாமா."

அழித்ததை மீட்கும் வழிகளைத் தெரிந்தவர்கள் முயன்று பார்த்தார்கள். அந்த இடத்தின் மேல் இன்னொரு கல்யாணம் ஏறியிருந்தது. யாரோ ஒரு பெண்ணின் ஊஞ்சல் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது.

சித்ராவிடம் விளக்கப் பார்த்தான். "விளக்கைப் பாதி அணைச்சுட்டாங்க சித்ரா. குறுக்க ஒருத்தன் சேரைத் தூக்கிட்டுப் போனான். அதுல ஒண்ணுமே தெளிவா..."

"அந்த ஒண்ணைத்தான் நான் இத்தனை வருசமாப் பாக்கோணும்னு இருந்தேன்," என்றாள் சித்ரா. "உங்களுக்கு வெளிச்சம் பத்தலையாக்கும்?"

பிறகு அவள் தறிப்பட்டறைக்குப் புறப்பட்டுப் போனாள்.

தங்கமுத்து ஒரு காலையில் கணினியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அருணகிரியின் காட்டுக்குப் போனான். அவர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். திண்டின் மேல் கணினியைத் திறந்து வைத்து, அவர் நின்ற துண்டின் பெயரை எடுத்து டைம்லைனில் போட்டான். படம் இல்லாத ஒரு வெற்றுக் கட்டம் விழுந்தது. அவர் மேடையில் எவ்வளவு நேரம் நின்றாரோ சரியாக அந்த நீளத்துக்கு.

"இதுதானுங்க மச்சான். எல்லாத்துக்கும் கடைசில இருக்குது பாருங்க. இவ்வளவு நேரம் நின்னீங்க. நான் பொய் சொல்லலீங்க."

அருணகிரி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. கையை நிழலுக்குக் குவித்து மறுபடி பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கறேன்?"

"இப்ப இல்லீங்க. இருந்தீங்க."

"ம்." நிமிர்ந்தார். "நான் அங்க வந்தது எனக்குத் தெரியும் மாப்ள. இதைக் காட்டி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா அவன் அன்னிக்கு எம்பக்கத்துல நின்னானே, அப்பவே உங்ககிட்டச் சொல்லி வெச்சிருப்பானோன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. வந்தது போக மாட்டேங்குது." மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். "வெயில் ஏறுது, போங்க. சித்ராவைக் கேட்டதாச் சொல்லுங்க."

சிவபிரகாஷ் இரண்டாவது கல்யாணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரில் வந்தார்.

"மேடையை ஆருங்க வெட்டச் சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்க. வெட்ட வேண்டாம்னும் சொல்லலீங்க."

"அதைச் சொல்லோணுமா? பந்தில இலை போடுன்னு தனியாச் சொல்லோணுமாங்க?" பிறகு, போக எழுந்தவர் கொஞ்சம் இரங்கி, "மேளச் சத்தம் முந்தி வருதே, அது நல்லாத்தான் இருக்குது. ஆனா அதை ஒருத்தரும் பாக்கலீங்களே. தாலியையும் மேடையையும் அப்படியே ஒட்டிக் குடுத்தாப் போதும். அதுக்கு என்ற ஊட்டுக்காரியே போதுமுங்க," என்றார்.

கற்றது தவறில்லை. இன்னொரு ஊரில், இன்னொரு கூட்டத்துக்கு நடுவில் அது கலை என்றே பெயர் பெற்றிருக்கும். அதனால் இவனுக்கு ஆறுதல் எதுவும் இல்லை.

தீபாவளி முடிந்தது. இலக்கியாவின் தலைதீபாவளிக்கு அழைக்க முருகானந்தம் தங்கை வீட்டுக்கு வரவில்லை. அருணகிரி வீட்டுக்குச் சித்ராவே போவதை நிறுத்திக்கொண்டாள். இரண்டு வீடுகளுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்த ஒரே ஆளும் நின்றுபோனாள். வண்டி முதலாளி ஆள் அனுப்பினார். தங்கமுத்து இரண்டு லுங்கியும் காலுக்குத் தடவும் தைலமும் எடுத்து வைத்துக்கொண்டான். கணினியை ஒரு சாக்கில் சுற்றிப் பீரோ மேல் வைத்தான்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க," என்றாள் சித்ரா.

இப்போது அவன் ஜோத்பூரைத் தாண்டி ஒரு கடுகுக் காட்டில் ரிக் வண்டிக்குச் சமைக்கிறான். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுகிறான். போன வாரம் தண்ணீர் வராத ஒரு கிணற்றின் முடிவில், ஹெல்பர் ஒருவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். தங்கமுத்து அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வைத்தான்.

அதற்கு மறுநாள் மதியம் இலக்கியாவிடமிருந்து வாட்ஸப் வந்தது. பெங்களூரில் அவள் ஆபீஸ் தோழிகள் கல்யாண வீடியோவைப் பார்த்தார்களாம். மேடையில் அந்தப் பாட்டு வரும் இடம் அப்படி அழகாக இருக்கிறதாம். தன் கல்யாணத்துக்கும் இப்படியே வேண்டும் என்கிறாளாம் ஒருத்தி. "எடிட்டிங் யாருன்னு எல்லாரும் கேக்கறாங்க மாமா. உங்க பேரையும் நம்பரையும் குடுத்துரட்டுமா?"

அவன் அதை இரண்டு தடவை படித்தான். உலை கொதித்துக்கொண்டிருந்தது. "திருச்செங்கோட்டுல ஒரு ஸ்டுடியோக்காரங்கன்னு சொல்லிரு கண்ணு," என்று பதில் அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

லாரிக்கு அந்தப் பக்கம் ராடு இறங்கத் தொடங்கியது. காற்று இந்தப் பக்கம் திரும்பி மண்தூளை அள்ளிக்கொண்டு வந்தது. அவன் தட்டை எடுத்துச் சோற்றுப் பானையை மூடினான்.